அண்ணி, நீ நேரில் வந்ததாக ஒரு முத்திரை

கேப்பைக் கூழில் எனக்கு மட்டும் ஒரு வெங்காயம் கூடப் போட்ட அஞ்சலை அண்ணிக்கு,

நேற்று உன் முதல் தெவசம். இலையில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தோம். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. வேறு ஒரு சங்கதி இருக்கிறது.

இந்த வைகாசியில் நீ திண்டிவனத்தில் ஒரு நோட்டரி வக்கீலுக்கு எதிரே போய் நின்றாயாம். உன் வாயால் சத்தியம் செய்தாயாம். இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாயாம். நான் சொல்லவில்லை, காகிதம் சொல்கிறது. முத்திரை குத்தி, 'என் முன்னிலையில்' என்று எழுதி, கையெழுத்தும் போட்ட காகிதம்.

நீ செத்தது போன வருஷம் ஆடியில். உன் கைக் கட்டைவிரல் இரண்டையும் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியவள் நான். அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டா வந்தாய்? பத்து மாதம் கழித்து அவ்வளவு தூரம் வந்தவள், ஒரு பஸ் பிடித்து விழுப்புரத்தில் இருக்கும் என்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சிரிப்பு வரவில்லை அண்ணி. பாதிச் சோறு தின்ற பிறகு அதில் பல்லி கிடப்பதைப் பார்த்தது மாதிரி இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் எதையாவது தாண்டினால் கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அண்ணன் உன் மகளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார். கௌசிக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நீ போய் வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்லது நடந்துவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போகும் மனிதர், வயதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவருக்குப் பயம். பயந்த மனிதர் கையில் கிடைத்த முதல் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். ஆனி மாதம், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

உன் மகள் உன் மகள்தான். பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்கு, டீச்சரின் போனிலிருந்து அவளே பேசியிருக்கிறாள். மறுநாள் சமூக நலத்துறையிலிருந்து ஓர் அம்மா திண்டிவனத்தில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெண்ணின் வயதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு அண்ணன் நீட்டியதுதான் அந்தக் காகிதம். அதன் ஜெராக்ஸ்.

அதில் நீ என்ன சொல்லியிருக்கிறாய் தெரியுமா? கௌசி பிறந்தது, பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தேதிக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முந்தின ஒரு புரட்டாசியிலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டாயாம். அவளுக்குப் பதினெட்டு முடிந்து மாதங்கள் ஆகின்றனவாம். இவை யாவும் உன் அறிவுக்கு எட்டியவரை உண்மையாம்.

காணும் பொங்கலன்று பிறந்தவள் அவள். "ஊரே செஞ்சிக் கோட்டைக்கு வண்டி கட்டிக்கினு போச்சு, நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்று அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ சொல்வாய். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். அந்த நாளையா நீ புரட்டாசிக்கு மாற்றுவாய்? பதினாறு வயதில் தாலி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் நீ. ஒன்பது வயதுச் சிறுமி நான், உன் புதுப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். "எம் பொண்ணுக்கு மட்டும் இது வேணாம் வக்கீலு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். நான் வக்கீலாவதற்கு முன்பே என்னை வக்கீலு என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

அதைவிடக் கேவலம், அதில் கைரேகை. சுய உதவிக் குழுவில் சேர்ந்து, ஒரு வாரம் சிலேட்டில் எழுதி எழுதிப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கற்றவள் நீ. அதற்குப் பிறகு ரேஷன் கடையில்கூட ரேகை வைக்கக் கூச்சப்பட்டாய். உன்னைத் தெரிந்தவர் யாரும் அந்தக் காகிதத்தைச் செய்யவில்லை. உன்னைத் தெரிந்துகொள்ள யாரும் முயலவும் இல்லை.

நலத்துறை அம்மா எனக்குப் போன் செய்தார். கௌசிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

"மேடம், அம்மா எறந்துட்டாங்கன்னு பொண்ணு அழுவுது. அப்பாவ கேட்டா, 'அவ உயிரோட இருக்கசொல்லவே எழுதிக் குடுத்தா, தேதிதான் டைப்பிங்ல தப்பா பூட்ச்சு'ன்னு சொல்றாரு. ஒரிஜினல நாளைக்கு எடுத்துக்கினு வர்றாராம்."

"ஸ்கூல் சர்டிபிகேட்ல வயசு தெளிவா இருக்கே மேடம்?"

"இருக்குங்க. ஆனா பெத்தவ சத்தியம் பண்ணி, நோட்டரி போட்டிருக்கே. அந்த நோட்டரி, 'ஆமா, அந்தம்மா உயிரோட இருக்கசொல்ல எங்கிட்ட வந்தாங்க, தேதிதான் தப்பு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா எனக்கு சிக்கல். மேலதிகாரிங்க கிட்ட போவணும், என்குயரி வெக்கணும். அதுக்குள்ள வெள்ளிக்கிழம வந்துடும்."

ஆக, உன் மகளின் கழுத்து அந்த நோட்டரியின் ஒரு வரியில் இருந்தது.

காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே 'திண்டிவனம்' என்று தட்டச்சில் இருந்தது. கீழே முத்திரை இருந்த இடத்தில் ஜெராக்ஸில் வெறும் கரும்புள்ளிக் கூட்டம். கையெழுத்து அதற்குள் முழுகிக் கிடந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். செத்தவள் பேரில் பொய் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சொன்னார்.

"உனுக்கு எதுக்கு இந்த பேஜாரு வசந்தி? நீ இதுல தலையிடாத. உனுக்கும் நல்லதில்ல."

மிரட்டுகிறார் என்று நினைத்தேன். வைத்துவிட்டேன்.

அன்று முழுக்க நோட்டரிகளைத் திட்டித் தீர்த்தேன். நானும் ஒரு நோட்டரி என்பது உனக்கு நினைவிருக்கும். நீ போவதற்கு மூன்று மாதம் முன்னால், சித்திரையில், எனக்கு அந்தச் சான்றிதழும் முத்திரையும் வந்தன. ஒரு பை நிறைய, தோலோடு அவித்த மல்லாட்டைக் கடலையோடு நீ என்னைப் பார்க்க வந்தாய்.

எனக்கு முத்திரை கொடுத்த கதையை அன்று உனக்குப் பெருமையாகச் சொன்னேன். உண்மையில் அது வெட்கக்கேடு. இத்தனை வருஷம் கோர்ட்டுக்குப் போனாள் என்று ஒரு சான்று கேட்டார்கள், கொடுத்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பேர் என்ன, எந்த ஊர், எத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறாய். முடிந்தது. எதிரில் நிற்பவன் அவன்தானா என்று எப்படிப் பார்ப்பாய், படிக்கத் தெரியாதவள் வந்தால் என்ன செய்வாய், பதிவேட்டில் என்ன எழுத வேண்டும், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும்? ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் வகுப்பு இல்லை, ஒரு தேர்வு இல்லை. இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு போட்டவளுக்கு அதெல்லாம் தானாக வந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி முகம் பார்க்கும் பழக்கமா வரும்?

மொபெட் ஓட்ட லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள் அண்ணி. காலை ஊன்றிவிட்டேன் என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒரு மனுஷியின் சத்தியத்துக்குச் சாட்சி சொல்லும் முத்திரைக்கு எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை.

உனக்குக்கூடப் பயிற்சி இருந்ததே. சத்துணவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது உன்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கை கழுவுவது எப்படி, அரிசியில் என்ன பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் சமைத்தவள் தின்று பார்க்க வேண்டும், தின்று பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் உனக்கு வயிறு சரியில்லை. கூடத்துப் பொறுப்பாளர் அம்மா, "சும்மா கையெழுத்து போடு அஞ்சல, யாரு பாக்கப் போறா" என்று சொன்னதற்கு, "தின்னாம எப்படிம்மா தின்னேன்னு எழுதறது?" என்று கேட்டு, இரண்டு வாய் தின்று, வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாய். அன்று உன்னைக் கிண்டல் செய்தேன். பைத்தியக்காரி என்று சொன்னேன்.

முத்திரையை அன்று நீ கையில் வாங்கிப் பார்த்தாய். மையில் ஒற்றி உன் உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்திக்கொண்டாய். ஊதா வட்டம். அதைக் காயவிடாமல் ஊதிக்கொண்டே கேட்டாய்.

"இத இன்னாத்துக்கு குத்துவ வக்கீலு?"

"எதிர்ல வந்து நின்னு சத்தியம் பண்ணவங்க அவங்கதான்னு சொல்றதுக்கு."

"அப்ப மொகத்தப் பாத்துட்டுதான் குத்துவியா?"

"பின்ன? பாக்காமயா குத்துவேன்?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். நலத்துறை அலுவலகத்தில் பதினோரு மணிக்கு விசாரணை. அதற்கு முன்னால் அந்த அயோக்கியனைப் பார்த்துவிட வேண்டும் என்று கோர்ட்டுப் பக்கம் போனேன். அங்கே ரொம்ப வருஷமாக நோட்டரியாக இருக்கும் ஒரு பெரியவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டின் கைகள் வெளுத்துக் கிழிந்திருந்தன. எதிரே தலையணை கனத்துக்கு ஒரு பதிவேடு. போனில் இருந்த படத்தை மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இது நீங்க போட்டதா சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் ஒவ்வொரு வரியையும் படித்தது எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

"இந்த மாதிரி பேப்பருங்கள முடிச்சுக் குடுக்கற புரோக்கர் பையன் ஒருத்தன், இதோட எங்கிட்டதான் மொதல்ல வந்தான். அந்தம்மா எங்கடான்னு கேட்டேன். வீட்ல படுத்துக்கினு இருக்குது, எழுந்து வர முடியாதுன்னான். சரி, வண்டிய எடு, நான் வீட்டுக்கே வர்றேன்னேன். அதோட போனவன்தான், திரும்பி வரல."

"அப்ப இந்த ஊர்ல வேற யாரு போட்டிருப்பாங்க?"

"இந்த ஊர்லயே போட்டிருக்க மாட்டாங்கம்மா. விழுப்புரத்துல ஒரு லேடி வக்கீல் புதுசா சீல் வாங்கியிருக்குதாம். ஜெராக்ஸ் கடையில கட்டா குடுத்துட்டா போதும், ஜல்தியா வந்துடுமாம். ஆளு தேவையில்ல, கேள்வி கெடையாது. நம்ம ஊரு புரோக்கருங்க எல்லாம் இப்ப அங்கதான் ஓடிக்கினு இருக்கானுங்க."

நீட்டியிருந்த போனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"எனக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் குத்துனேன். ஒரு தடவ கோர்ட்டுல கூண்டுல ஏத்தி நிக்க வெச்சுக் கேட்டாங்க. அன்னிக்குக் கத்துக்கினதுதான்" என்றார். பிறகு, "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"கோலியனூர்" என்றேன். பிறந்த ஊரைச் சொல்லித் தப்பித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்தேன்.

விழுப்புரத்தில் வேறு பெண் நோட்டரி யார் யார் என்று நடக்கும்போதே எண்ணிக்கொண்டு போனேன். புதிதாக முத்திரை வாங்கியவள் வேறு யாராவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். இதற்கெல்லாம் சாமியைக் கூப்பிடலாமா?

அலுவலகத்தில் அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். கௌசி பள்ளிச் சீருடையில் இருந்தாள். நலத்துறை அம்மா ஒரிஜினலை மேசைமேல் விரித்துவைத்து, என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"மேடம், இது உங்க சீல்தானே?"

ஊதா வட்டம். உன் உள்ளங்கையில் இருந்த அதே வட்டம். உள்ளே என் பெயர், என் படிப்பு, என் ஊர். கையெழுத்தும் என்னுடையதுதான். கடைசியில் போடும் சுழியை அவசரத்தில் போடாமல் கோடாக இழுத்துவிட்டிருக்கிறேன். கட்டாகக் குத்தும்போது மட்டும்தான் நான் அப்படி இழுப்பேன்.

திண்டிவனம் வந்தவள் விழுப்புரத்துக்கு ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா என்று மேலே கேட்டேனே அண்ணி. நீ என்னிடம்தான் வந்திருக்கிறாய். என் மேசைக்கு வந்து, என் கைக்குக் கீழேதான் கிடந்திருக்கிறாய். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படி நடந்தது என்று உனக்கு மட்டுமாவது உள்ளபடி சொல்ல வேண்டும். முதல் மாதம் வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். 'வகுப்பு எடுக்கிறாயா' என்று கேட்டார்கள். நீ போன பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லை என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன், அது சாக்குதான். மெல்ல மெல்லப் படிப்பதை விட்டேன், பிறகு ஆளைக் கேட்பதை விட்டேன். வைகாசி கடைசியில் கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தது. ஜெராக்ஸ் கடை முருகையன் நாளுக்கு நாலு கட்டுக் கொண்டுவந்தார். பாதிக்குமேல் மாணவர்களின் உறுதிமொழிக் காகிதம், எல்லாம் ஒரே மாதிரி. ஒரு கையில் போன், இன்னொரு கையில் முத்திரை. அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பி மூலையைக் காட்டுவார், நான் மூலையில் குத்துவேன். பதிவேட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று எண்களை மட்டும் போட்டு வரிகளை வெறுமையாக விட்டிருந்தேன்.

உன் பெயர் அந்தக் காகிதத்தில் நான்கு இடத்தில் இருக்கிறது. அண்ணன் பெயர் இருக்கிறது. கௌசல்யா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் மூலையை மட்டும் பார்த்தேன்.

அலுவலக வராந்தாவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இடது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நீலம் இன்னும் போகவில்லை. அப்போதுதான் அந்த ரேகை யாருடையது என்று தெரிந்தது. பெற்றவள் சொன்னால்தான் செல்லும் என்று புரோக்கர் சொன்னானாம், யார் ரேகை என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னானாம். காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அதில் தங்கச்சியின் பெயரைப் பார்த்திருக்கிறார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது வசந்தி, அவன் உங்கிட்ட போவான்னு. இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. அஞ்சல உயிரோட இருக்கசொல்ல வந்து ரேக வெச்சா, தேதி தப்பா பூட்ச்சுன்னு நீ ஒரு வார்த்த எழுதிக் குடு. உன் சீலும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். பையன் நல்ல பையன். குடி கிடி எதுவும் இல்ல."

கோர்ட்டில் ஒரு சீனியருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி நடுங்கிக்கினு இருக்க? எல்லாரும்தாம்மா பண்றோம். கிளரிகல் மிஸ்டேக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வா. இல்லன்னா சீல் காணாம போச்சுன்னு சொல்லு, கம்ப்ளைண்ட் நான் டிராப்ட் பண்றேன்."

எல்லாரும்தான் பண்றோம். இந்த ஒரு வாக்கியத்தை அந்த வாரத்தில் மட்டும் ஏழெட்டுப் பேரிடம் கேட்டேன். இதற்கு மட்டும் பயிற்சி பிரமாதமாக நடக்கிறது அண்ணி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பொய் சொல்ல மாட்டேன். நான் யோசித்தேன். ஒரு வரி எழுதினால் முத்திரை பிழைக்கும். வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் போர்டு பிழைக்கும். அண்ணன் பிழைப்பார். எத்தனை நேரம் யோசித்தேன் என்று தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் இருக்கும். அந்த ஒரு டம்ளர் நேரத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கௌசி எழுந்து வந்தாள். அந்தக் காகிதத்தை அவளும் பார்த்துவிட்டாள். அழவில்லை. கோபம்கூட இல்லை. புரியாத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அத்த, அம்மா உன் எதிர்ல வந்து நின்னாங்களா?"

அண்ணி, இந்தக் கேள்வியை நேர்முகத்தில் யாராவது கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. எதிரில் வந்து நின்றார்களா? இதற்கு மேல் இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"வரல கௌசி" என்றேன்.

உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என் கையால் எழுதினேன். இந்தக் காகிதத்தில் இருக்கும் முத்திரையும் கையெழுத்தும் என்னுடையவை. அஞ்சலை என் எதிரில் வரவில்லை. வந்திருக்க முடியாது, அதற்குப் பத்து மாதம் முன்பே இறந்துவிட்டார். அவர் என் அண்ணன் மனைவி. நான் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினேன். பதிவேட்டில் பதிவு இல்லை. அவ்வளவுதான், ஐந்தாறு வரி. கையெழுத்தில் சுழியைப் போட்டேன். நலத்துறை அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல மேடம்?"

"தெரியும்."

"சரி, உக்காருங்க. டீ சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடக்கவில்லை. அன்று கௌசிக்கு இயற்பியல் வகுப்புத் தேர்வு இருந்தது. சுமாராகத்தான் எழுதினாளாம். இப்போது என்னோடு விழுப்புரத்தில் இருக்கிறாள். தினமும் ரயிலில் திண்டிவனத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறாள். முதல் பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதினோராம் நாள், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னாள். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அண்ணன் நேற்று உன் படையலுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் உன் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது கௌசியின் கையில் ஒரு பை மல்லாட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்மேல் வழக்கு வருமா என்று தெரியவில்லை. அவரை நான் மன்னிக்க வேண்டுமா, என்னை அவர் மன்னிக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. நீ இருந்தால் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டுப் பிறகு திட்டியிருப்பாய்.

முத்திரையைச் சட்டத்துறைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். விசாரணை நடக்கிறது. சான்றிதழைப் பறிப்பார்களா, என்மேலும் வழக்குப் போடுவார்களா என்று காத்திருக்கிறேன். போர்டை நானே கழற்றிவிட்டேன். கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்து ஒரு கட்டம் நிற்கிறது. முருகையன் கடைக்கு இப்போது வேறொரு புது நோட்டரி கிடைத்துவிட்டார். தங்கமான பையன். அவருடைய நேர்முகத்திலும் பேர், ஊர், வருஷம் மூன்றும்தான் கேட்டார்களாம். கட்டுகள் இப்போது அங்கே போகின்றன. அவரிடம் என் கதையைச் சொன்னேன். பாவம் மேடம் நீங்க என்றார். அவர் கை அப்போதும் குத்திக்கொண்டேதான் இருந்தது.

அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைக்காமல், எல்லாரும் படிக்க விடுகிறேன். முத்திரை கொடுக்கிறவர்கள் படிக்கட்டும். குத்துகிறவர்கள் படிக்கட்டும். ரேகை வைக்கப் போகிறவர்கள், உன்னைப் போல முழுசாக நம்புகிறவர்கள், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

பதிவேட்டை அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து, வெறுமையாக விட்டிருந்த வரிகளையெல்லாம் நிரப்பினேன். ஒவ்வொரு வரியிலும், நிரப்பிய அன்றைய தேதியைப் போட்டு, ஒரே வாசகம்தான் எழுதினேன். 'ஆள் வரவில்லை.' பக்கம் பக்கமாக அதுதான். உன் எண் வந்தபோது பேனா நின்றது. அந்த ஒரு வரியில் மட்டும், ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 'அண்ணி' என்று எழுதினேன். சட்டப்படி அது அங்கே இருக்கக் கூடாது. அடிக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முத்திரை திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், முகம் பார்க்காமல் இனி எதிலும் என் பெயர் விழாது. வருகிற காணும் பொங்கலன்று கௌசிக்குப் பதினெட்டு முடியும். அன்று அவளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப் போவேன். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும், அவளே படித்து, அவளே போய் நின்று, அவளே போடுவாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

நீ வராத நாளில் நீ வந்ததாகச் சாட்சி சொன்ன,
உன் நாத்தனார்
வசந்தி